சூடு ஆறாத எஞ்சின்

சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு லாரஸ் தன் டீசல் பிக்கப்பைப் பின்னால் எடுத்தபோது, அதோடு சேர்ந்து வீட்டுச் சுவரும் கொஞ்சம் கிளம்பி வந்தது. எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டரின் வயரைச் சுவர் ப்ளக்கிலிருந்து கழற்ற மறந்துவிட்டான். வண்டியின் மூக்கிலிருந்து தொங்கும் அந்த வயர் ஒரு கணம் வலைக்கயிறு போல விறைத்து நின்றது. பிறகு டப்பென்று அறுந்து, ப்ளக் பெட்டியையும் நாலைந்து பலகைச் சிம்புகளையும் பனியில் இறைத்தது. வின்னிபெக் ஏரிக்கரையில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் யாராவது இதைச் செய்வார்கள், ஊர் ஒரு வாரம் சிரிக்கும். லாரஸுக்கு இது மூன்றாவது தடவை. நாற்பத்தொன்பது வயதில் ஒரு மனிதன் எதிலாவது பேர் வாங்கத்தான் வேண்டும் என்று தன்னையே தேற்றிக்கொண்டான்.

பக்கத்து இருக்கையில் இரண்டு போர்வைக்குள்ளிருந்து மனைவி ரூனாவின் குரல் வந்தது.

"சுவர வீட்டுலயே விட்டுட்டு வந்திருக்கலாமே, லாரஸ்."

"துணைக்கு இருக்கட்டும்னு பாத்தேன்."

அவள் சிரித்தாள். இப்போதெல்லாம் அவள் சிரித்தால் மூச்சு வாங்கும். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் அவள் ரத்தத்தை ஆஸ்பத்திரி மெஷின் கழுவித் தரவேண்டும். ஆஸ்பத்திரி எழுபது கிலோமீட்டர். ஒரு நாள் தவறினால் முகம் வீங்கும். இரண்டு நாள் தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னதை லாரஸ் யாரிடமும் திருப்பிச் சொன்னதில்லை. அதற்காகத்தான் இந்தக் குளிர்காலம் ஏரிக்கு வலை போடப் போகாமல் வீட்டோடு இருந்தான். பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தெட்டு டிகிரியில், ஹீட்டர் இல்லாமல் ஓர் இரவு நின்ற டீசல் எஞ்சின் வெறும் இரும்புக் கட்டி. எண்ணெய் உள்ளே தார் போல உறைந்து கிடக்கும்.

அன்று ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிவிட்டார்கள். புது ஹீட்டர் செவ்வாய்க்கிழமைதான் கடைக்கு வரும் என்றார்கள். செவ்வாய்க்கிழமை காலை வண்டி எப்படிக் கிளம்பும் என்ற கேள்வியை லாரஸ், அவனுக்குப் பழக்கமான முறையில், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தான்.

ஞாயிறு மதியம், பாட்டரியாவது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் போனான். பக்கத்துக் கொட்டகையின் கூரை, வேலிக் கம்பி, கவிழ்த்து வைத்த படகு எல்லாவற்றின் மேலும் விரல் கனத்துக்கு உறைபனி பூத்திருந்தது. வண்டியின் பானெட்டில் மட்டும் இல்லை. கறுப்பு பெயிண்ட் ஈரமாகப் பளபளத்தது.

பானெட்டைத் தூக்கினான். டீசல் வாடை எழுந்தது. அதற்கு அடியில் இன்னொன்று, நனைந்த கம்பளியை அடுப்பருகே காயப் போட்டால் வருமே, அந்த வாடை. கையுறையைக் கழற்றி எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தான். தோல் ஒட்டிக்கொண்டு உரியும் என்று பயந்துதான் வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. கொட்டிலில் படுத்திருக்கும் மாட்டின் விலாவைத் தொட்டது போல.

சாவியைத் திருப்பினான். ஜூலை மாதம் போலக் கிளம்பியது.

நல்லது நடந்தால் யாரைச் சந்தேகப்படுவது என்று தெரியாதவன் லாரஸ். ஆனாலும் வீட்டுக்குள் வந்ததும் கேட்டான்.

"ரூனா, வண்டிக்கிட்ட போனியா?"

"நானா? பாத்ரூம் போறதுக்கே நடுவுல ஒரு தடவ உக்காந்துட்டுப் போறேன்."

அடுப்புக்கு முன்னால் அவளுடைய கம்பளிக் காலுறைகள் இரண்டு ஜோடி காய்ந்துகொண்டிருந்தன. வீட்டுத் தரை சில்லென்றிருக்கும், பாவம். அவள் கையை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தான். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் போல இருந்தது. இந்த நோய்க்காரர்களுக்குக் குளிர் அதிகம் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை காலையும் எஞ்சின் சூடாக இருந்தது. இந்தத் தடவை அவன் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான்.

பனியில் ஒரு பள்ளம். நீளமாக, ஒரு பக்கம் லேசாக வளைந்து. இளகி மறுபடி உறைந்து கண்ணாடித் தகடு போல மின்னியது. எஞ்சினின் எண்ணெய்த் தொட்டிக்கு நேர் கீழே. அது இடப்பக்கம், பெரியது. வலப்பக்கம் அதில் பாதி அளவில் இன்னொன்று.

யாரோ நெருப்புச் சட்டி வைத்துச் சூடாக்குகிறார்கள் என்று முடிவு செய்தான். யாரோ என்றால் பியார்ணிதான். எதிர்வீட்டுக்காரன், இருபது வருஷத்துக் கூட்டாளி, அடுத்தவனுக்கு உதவி செய்துவிட்டுப் பத்து வருஷம் சொல்லிக் காட்டும் ரகம்.

"யோவ், என் வண்டிக்கு அடியில என்ன வெக்கிற?" என்று நேராகவே கேட்டான்.

பியார்ணி வாசலில் நின்றபடி உலர்மீனில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். "முட்டை வெக்கிறேன். வசந்த காலத்துல குட்டி பிக்கப் ரெண்டு பொரிக்கும், ஒண்ணு உனக்கு."

"வெளையாடாத. சூடா இருக்குய்யா."

"உன் வண்டிய நான் எதுக்குய்யா சூடாக்கணும்? என் பொண்டாட்டி காலையே நான் சூடாக்குறதில்ல."

லாரஸ் அவன் முகத்தையே பார்த்தான். பொய் சொல்கையில் பியார்ணியின் இடது புருவம் ஏறும். ஏறவில்லை. அதுதான் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வண்டி முதல் திருப்பில் கிளம்பியது. லாரஸ் கடைக்குப் போய் ஹீட்டர் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது, நர்ஸ் அவனை நடைவழியில் நிறுத்தினாள்.

"வீட்டுல ஹீட்டிங் ஒழுங்கா ஓடுதா?"

"ஓடுதே. ஏன்?"

"அவங்க கால் விரலப் பாத்தீங்களா?"

"கால்லதான் ரத்தம் சரியா ஓடாதுன்னு டாக்டர்..."

நர்ஸ் அவனை மேலும் கீழும் பார்த்தாள். மனைவியைக் கொட்டகையில் கட்டிவைத்திருக்கும் ஆளைப் பார்ப்பது போல. லாரஸ் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தான். அந்தச் சிரிப்பு அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

மதியம் பியார்ணியின் கராஜில் வேலையை ஆரம்பித்தார்கள். கராஜ் சூடாக இருந்தது. விறகடுப்பு, காப்பி, மீன் செதில், கிரீஸ் எல்லாம் கலந்த அந்த வாசனையில் லாரஸுக்கு உயிர் வந்தது. மறுநாள் பியார்ணி வடக்கு மீன்பிடி முகாமுக்குப் போகிறான், திரும்பப் பத்து நாளாகும். அதனால் இன்றே முடித்தாக வேண்டும். கூலன்ட்டைத் தொட்டியில் வடித்தார்கள். எஞ்சினின் பக்கவாட்டில் வட்டத் துளையில் செருகியிருந்த பழைய ஹீட்டரின் திருகைத் தளர்த்தி உருவினார்கள். துளையின் விளிம்பைத் துணியால் துடைத்து, புது ஹீட்டரின் ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவி, நேராக அழுத்தித் திருகினான் லாரஸ். வயரைப் புகைக்குழாயில் படாமல் சுற்றிக் கொண்டுபோக, பலகையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் சறுக்கிப் போனான்.

விளக்கைத் தூக்கிப் பிடித்தான்.

எண்ணெய்த் தொட்டியின் மேல் பதினைந்து வருஷத்து அழுக்கு, கிரீஸும் சாலைச் சேறும் கலந்து கட்டியாகப் படிந்திருந்தது. அதில் இரண்டு இடத்தில் மட்டும் சுத்தமாகத் தேய்ந்திருந்தது. இடப்பக்கம் ஒரு பட்டை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளம், ஒரு பெரிய ஆளின் கை அகலம். வலப்பக்கம் ஒல்லியாக ஒன்று. இரண்டும் தொட்டியைச் சுற்றி வளைந்து, நடுவில் ஒன்றையொன்று தொட்டன. ரொம்ப நேரம் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்த மாதிரி.

"என்னய்யா, தூங்கிட்டியா?" என்றபடி பியார்ணி குனிந்து எட்டிப் பார்த்தான். அவன் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் அடுத்த கிண்டல் வரவில்லை.

"எகில் கிழவன் செத்துக் கெடந்தது இப்படித்தான், இதே வண்டிக்கடியில," என்றான் கடைசியில். "நான்தான இழுத்து எடுத்தேன். கைய விரிக்க முடியல."

"தெரியும்."

"இந்தப் பக்கம் எகில்னா..." பியார்ணி விளக்கை வலப்பக்கம் காட்டினான். "இது யாருய்யா?"

லாரஸ் பக்கத்தில் கிடந்த ஸ்பானரை எடுத்தான். பூனையாக இருக்கும், மரநாயாக இருக்கும் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். ஸ்பானர் நழுவி நெற்றியில் விழுந்தது. வழக்கமாக இதற்கெல்லாம் பியார்ணி ஒரு வாரம் சிரிப்பான்.

அன்று சாயங்காலம், வாசல் விளக்கின் ப்ளக்கிலிருந்து நீள வயர் இழுத்து, புது ஹீட்டரைத் தன் கையால் செருகினான். பானெட் மேல் காதை வைத்துக் கேட்டான். உள்ளே கூலன்ட் மெல்ல முணுமுணுக்கத் தொடங்கியது, அடுப்பில் வைத்த தண்ணீர் கொதி வருமுன் பேசுவது போல. வேலை செய்கிறது. ப்ளக் இணைப்பை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். பிறகு போய்ப் படுத்தான். லாரஸ் படுத்தால் மரக்கட்டை. அவன் குறட்டைக்கு ஏரியில் பனி விரிசல் விடும் என்பாள் ரூனா.

புதன்கிழமை காலை வாசலுக்கு வந்தவன் படியிலேயே நின்றுவிட்டான்.

வயர் கழற்றப்பட்டிருந்தது. சுருட்டி வைத்திருந்தது. சும்மா சுருட்டவில்லை, மீன்பிடிக்காரன் கயிறு சுருட்டுவது போல, குறுக்கே மாற்றி மாற்றி, இரட்டை வளையமாக. வளையம் வண்டியின் இடப்பக்கக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. அது மட்டும் லேசாக ஆடியது.

அந்தச் சுருளை லாரஸுக்குத் தெரியும். அவன் சுருட்டியது அது. மூன்று வருஷத்துக்கு முன்னால்.

இந்தக் கரையில் அடுத்தவன் படகை எடுத்துக்கொண்டு போகலாம், விருந்தில் அவன் மனைவியோடு ஆடலாம். அவன் வண்டியின் வயரை மட்டும் தொடக்கூடாது. அன்று ஊர் மண்டபத்தில் தோரபிளாட் விருந்து. ஜனவரிக் குளிருக்கு எதிராக ஊரே கூடி உப்புக்கறி தின்று பழைய பாட்டுப் பாடும் நாள். மண்டபச் சுவரில் ஆறே ஆறு ப்ளக். வாசலில் முப்பது வண்டி. லாரஸ் தாமதமாக வந்தான், அப்போதிருந்த ஓட்டை வண்டியில். ஒரு மணி நேரம்தானே என்று எகிலின் பிக்கப் வயரைக் கழற்றி, தன்னுடையதைச் செருகினான். செய்கிற திருட்டுத்தனத்தைச் சுத்தமாகச் செய்வோம் என்று எகிலின் வயரை அழகாகச் சுருட்டிக் கண்ணாடியில் மாட்டினான். திருப்பி மாட்டிவிடத்தான் இருந்தான். சத்தியமாக. அதற்குள் ரூனா வாந்தி எடுத்து, முகம் ஊதி, நிற்க முடியாமல் சரிந்தாள். அந்த நோயின் முதல் நாள் அதுதான். அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, தன் வயரை உருவிக்கொண்டு பறந்தான்.

எகில் எப்போதும் கடைசியில் கிளம்புவார். மண்டபத்தைப் பெருக்கி, விளக்கணைத்து, பூட்டிவிட்டு. வண்டி கிளம்பவில்லை. சுற்றிலும் ஆளில்லை. காஸ் டார்ச் ஒன்றை ஏற்றிக்கொண்டு, எண்ணெய்த் தொட்டியைச் சூடாக்க அடியில் நுழைந்திருக்கிறார். காஸ் தீர்ந்திருக்கிறது. தொட்டியில் மிச்சமிருந்த சூட்டைக் கட்டிக்கொண்டே கிடந்திருக்கிறார்.

கிழவன் வயரைச் செருக மறந்துவிட்டான் என்று ஊர் சொன்னது. எகிலின் மனைவி வண்டியை விற்கச் சொல்லிவிட்டு நகரத்துக்குப் போனாள். வாங்க யாரும் முன்வரவில்லை. லாரஸ் வாங்கினான். அவனுக்குப் பெரிய மனசு என்று ஊர் பேசிக்கொண்டது. அவன் மறுத்துச் சொல்லவில்லை.

இப்போது படியில் நின்றபடி கணக்குப் போட்டான். அந்தச் சுருளைப் பார்த்தது யார்? பார்த்திருந்தாலும், அதைச் சுருட்டியது யார் என்று எவனுக்குத் தெரியும்?

எஞ்சினைத் தொட்டுப் பார்த்தான். சூடு.

பியார்ணி முகாமுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். லாரஸ் சாலையைக் கடந்து போனான்.

"அன்னிக்கு மண்டபத்துல... என்னப் பாத்தியா நீ?"

"என்ன பாக்கணும்?"

"வண்டிங்க நிறுத்தியிருந்த பக்கம்."

பியார்ணி வலைப்பெட்டியைக் கீழே வைத்தான். அவனை வெகுநேரம் பார்த்தான். லாரஸுக்குச் சொல்லவேண்டும் போல இருந்தது. மூன்று வருஷமாகத் தொண்டையில் நின்ற முள்.

"ரூனாவப் பத்திரமாப் பாத்துக்கோ," என்றான் பியார்ணி. இடது புருவம் அசையவே இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு உறைந்த ஏரிமேல் போய்விட்டான். பின்விளக்குகள் வெண்மைக்குள் சிவப்பாகக் கரைந்தன.

நான்கரைக்கு இருட்டிவிட்டது. லாரஸ் ஹீட்டரை மறுபடி செருகினான், ஜன்னலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தான். கண்ணாடியின் ஓரங்களில் பனி பூத்து, நடுவில் ஒரு கையகலம் மட்டும் தெளிவாக இருந்தது. அதன் வழியே வண்டியின் முன்பக்கமும் வலப்பக்கமும் தெரிந்தன. அடுப்பில் விறகு இடிந்து விழும் சத்தம். தூரத்தில் ஏரிப் பனி நீளமாக முனகும் சத்தம். ஆறு மணி வரை எதுவும் அசையவில்லை.

ரூனா கட்டிலில் படுத்திருந்தாள். போர்வையைச் சரிசெய்யக் குனிந்தவன் அவள் தலைமுடிக்கு அருகில் நின்றான்.

டீசல்.

தன் கைதான் என்று நினைத்தான். கையை முகர்ந்தான். சோப்பு வாசனை.

அவள் இரவு உடுப்பின் கை மடிப்பில் கறுப்பாகக் கறை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை. கிரீஸ்.

அடுப்பருகே காலுறை. இன்றும் ஈரம். இரண்டு ஜோடி.

போர்வையின் கால்பக்கத்தைத் தூக்கினான். மெதுவாக. காலுறையை உருவினான். கால் விரல்களின் நுனி கறுத்திருந்தது. அடுப்புக்கு முன்னால். இந்த வீட்டில். தினமும் அவன் பக்கத்தில் படுத்திருந்த கால்.

"ரூனா." காலுறையைக் கையில் பிடித்தபடியே கேட்டான். "கிண்டல் பண்ணாம, சுத்தி வளைக்காம சொல்லு. வண்டிக்கடியில யாரு?"

அவள் கண் திறந்தாள். தூக்கம் இல்லாத கண். அவன்மேல் அவளுக்கு எப்போதும் இருக்கும் அந்தப் பிரியம் அதில் அப்படியே இருந்தது.

"நான்தான்," என்றாள். "சனிக்கிழமையிலேர்ந்து. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் எகில். ஒருத்தரால சூடு பத்தலைன்னு சன்னலத் தட்டினாரு. வண்டி கிளம்பலைன்னா நான் செத்துருவேன்ல லாரஸ், அதான் போனேன்."

"ரூனா..."

"நல்ல மனுஷன். கோவமே இல்ல அவருக்கு. வயர நீதான் கழட்டினேன்னு சொன்னாரு. எனக்காகத்தான் ஓடினேன்னும் அவருக்குத் தெரியும்." அவள் கறுத்த விரல்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "என்னால இனி முடியாதுன்னு நேத்து சொல்லிட்டேன். சரிம்மா, நாளைக்கு அவன வரச்சொல்லுன்னாரு."

வெளியே வாசலில் ப்ளக் கழலும் சத்தம் கேட்டது.

லாரஸ் ஜன்னல் பக்கம் திரும்பினான். வயர் இடப்பக்கக் கண்ணாடியில் ஆடிக்கொண்டிருந்தது, இரட்டை வளையமாக. வண்டிக்கு அடியில், இருட்டுக்கும் பனிக்கும் நடுவே, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு வந்தது. உறை போடாத, வெளுத்த, பெரிய கை. விரல்கள் மடங்க மறுத்தன. அது வலப்பக்கத்துக் காலிப் பள்ளத்தின் மேல் உதிர்ந்திருந்த பனியை ஒதுக்கிச் சுத்தம் செய்தது. பிறகு, கட்டிலில் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டுவது போல, மெல்லத் தட்டியது. ஒரு தடவை. இன்னொரு தடவை.